கொச்சங்காடியில் ஓர் ஓய்வுநாள்

பயணத் திட்டத்தை எழுதியவர் நண்பர். ஆறாம் நாளுக்கு நேரே 'ஓய்வு' என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். மலை ஏறும் நாளுக்குக்கூட அவர் கோடு போடவில்லை. எங்கள் மூவரில் ஒருவருக்கும் சும்மா இருக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

தேனியிலிருந்து சைக்கிளில் கிளம்பி, கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, குமுளிக்கு ஏறி, பீர்மேட்டுப் பக்கமாக இறங்கி, காஞ்சிரப்பள்ளி, கோட்டயம், வைக்கம் வழியாகக் கொச்சி. திங்கட்கிழமை காலை மிதிக்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை மாலை மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில், தெரிந்தவர் ஒருவரின் மாடி அறையில் வந்து விழுந்தோம். சனிக்கிழமை ஓய்வு. ஞாயிறன்று படகில் வைப்பினுக்குப் போய், அங்கிருந்து வடக்கே பட்டணம் என்ற கிராமம். அத்துடன் யாத்திரை முடிகிறது.

இதற்கு நண்பர் வைத்த பெயர் 'ஒயின் யாத்திரை'. பிரான்சில் போர்தோ, பர்கண்டி பகுதிகளில் திராட்சைத் தோட்டம் தோட்டமாக சைக்கிளில் சுற்றி வருவதற்கென்றே வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான், "நமக்கு அப்படி எங்கே இருக்கிறது? நாசிக் வரை போக வேண்டும்" என்றேன். கம்பத்துக்காரரான நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள் ஊர்த் திராட்சை எங்கே போகிறது என்று ஒரு நாளாவது விசாரித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். விசாரித்ததில்லை. ஆகவே கிளம்பினோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் நவம்பர் கடைசியில் போனாலும் சரி, சித்திரை வெயிலில் போனாலும் சரி, ஏதாவது ஒரு தோட்டத்தில் திராட்சை அறுத்துக்கொண்டிருப்பார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று சாலையோரம் நெடுகிலும் கல்தூண்களில் கம்பி இழுத்த பந்தல்கள். அவற்றின் அடியில் குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேல் கருநீலக் கொத்துகள். ஊரில் அதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் ஐரோப்பியப் பெயர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832ல் தமிழகத்துக்குக் கொண்டு வந்த கொடி என்கிறார்கள். 2023ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு விவசாயி எங்களுக்குப் பழம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "குளிர் நாட்டில் பனி விழுந்தால் கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது. அறுத்து முடித்ததும் கவாத்து வெட்டினால் உடனே துளிர்த்துவிடும். வருஷத்துக்கு இரண்டு அறுவடைக்குக் குறையாது. கொடிக்கும் லீவு இல்லை, எனக்கும் லீவு இல்லை."

பெருமையாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் மாறிவிட்டது. மருந்து அடிக்க ஒரு நாள் தவறினால் இலையில் நோய் இறங்கிவிடும். பழுத்த நேரத்தில் மழை பிடித்தால் கொத்திலேயே பழம் வெடித்துவிடும். விலை அவர் கையில் இல்லை. நவம்பரில் மட்டும் மலைக்கு அப்பாலிருந்து கொஞ்சம் நல்ல விலை வரும் என்றார். கேரளத்தில் கிறிஸ்துமசுக்கு வீட்டிலேயே ஒயின் போடுகிறவர்கள் அப்போதுதான் பழம் வாங்குவார்கள்.

லோயர் கேம்ப்பில் மலையேற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் நின்றால், மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். வருவது பெரியாற்றுத் தண்ணீர். கேரள மலைகளில் பிறந்து மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர வேண்டிய ஆறு அது. 1895ல் பென்னிகுக் கட்டி முடித்த அணை அதன் ஒரு பங்கைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திருப்பிவிட்டது. அந்தத் தண்ணீர் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகவும் வாழையாகவும் திராட்சையாகவும் ஆகிறது. திருப்பப்படாத மிச்சம் ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முனம்பத்திலும் மறு கிளை கொச்சிக் காயலிலும் சேருகிறது. கொச்சியை நோக்கிப் புறப்பட்ட தண்ணீர் வழியில் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, பழமாகி, பெட்டியில் அடைபட்டு, லாரியில் மறுபடி கொச்சிக்கே வந்து சேருகிறது! இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு சைக்கிள் தேவைப்பட்டிருக்கிறது.

வழி எப்போதும் திறந்திருக்கும் என்பதில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றி, குமுளியில் போக்குவரத்து நின்றுபோனது. அணையில் தண்ணீர் 136 அடியா 142 அடியா என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2014ல்தான் 142 என்று தீர்த்தது. பறித்த பழத்துக்கு அத்தனை நாள் பொறுமை கிடையாது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே மூவரும் விழித்துக்கொண்டோம். செய்வதற்கு ஒன்றுமில்லை. "ஃபோர்ட் கொச்சி வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாமே" என்று சைக்கிளை எடுத்தேன். பின் சக்கரம் பிரேக் கட்டையில் உரசியது. குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை இறங்கிய வேகத்தில் ரிம்மில் கோட்டம் விழுந்திருந்தது. தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல திருநெல்வேலித் தமிழில், "மலையில் இறங்கினீங்களோ? வச்சிட்டுப் போங்க. சாயந்தரம் வாங்க" என்றார். அரை மணி நேர வேலைதானே என்றேன். "வேலை அரை மணிதான். உங்க மூஞ்சியப் பாத்தா சாயந்தரம் வரைக்கும் வேணும்போல இருக்கு" என்றார். நண்பர் சிரித்தார், கோடு போட்டவர் அவரல்லவா!

ஆகவே நடந்தேன். கொச்சங்காடி நடப்பதற்கு ஏற்ற ஊர். கொச்சி அங்காடியா, கொச்சு அங்காடியா என்று ஊர்ப்பெயரைப் பற்றி வாதம் செய்யலாம்; 'அங்காடி' நம்முடைய பழைய சொல் என்பதில் வாதம் இல்லை. இங்குள்ள பழைய மசூதிக்குச் செம்பிட்டபள்ளி என்று பெயர். செம்பு இட்ட பள்ளி. ஒரு காலத்தில் கூரைக்குச் செப்புத் தகடு வேய்ந்திருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஓட்டுக்கூரையும் மரவேலையுமாகத் தூரத்திலிருந்து பார்த்தால் கேரளக் கோயில் போலத்தான் இருக்கிறது. மலையாளத்தில் மசூதியும் பள்ளி, சர்ச்சும் பள்ளி, யூதர்களின் ஜெப ஆலயமும் பள்ளி. மொழிபெயர்ப்பவன் கதையில் 'பள்ளி' வந்தால் எந்தப் பள்ளி என்று இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

மட்டாஞ்சேரியின் டச்சு அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயம் 1568ல் கட்டப்பட்டது. முந்தைய பயணம் ஒன்றில் அதன் முற்றத்துச் சுவரில் பதித்திருந்த கல் ஒன்றைப் பார்த்திருந்தேன். அது கொச்சங்காடியிலிருந்து போன கல். இங்கே 1344ல் எழுந்த ஜெப ஆலயத்தின் கல்வெட்டு. அந்த ஆலயம் இப்போது இல்லை. கல் மட்டும் பிழைத்திருக்கிறது. 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, கொச்சியில் கழிமுகத்தைத் திறந்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வெள்ளம் வந்த மூன்றாம் ஆண்டில் கல் நட்டிருக்கிறார்கள். பழைய துறை போனதும் வியாபாரிகள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று தெரிகிறது.

அந்தக் கல்லை மறுபடி பார்க்கலாம் என்று யூதத் தெருவுக்கு நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை! வாசனைப் பொருள் கடைகளும் பழம்பொருள் கடைகளும் திறந்திருக்கின்றன. உல்லாசப் பயணிகள் 1760ல் எழுந்த மணிக்கூண்டைப் படம் எடுக்கிறார்கள். ஆலயத்துக்கு மட்டும் இன்று ஓய்வுநாள்.

'சப்பாத்' என்ற எபிரேயச் சொல்லுக்குத் தமிழ் பைபிளில் 'ஓய்வுநாள்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய மொழிபெயர்ப்பு. விடுமுறை, விரதம், பண்டிகை என்று எதையாவது போட்டிருக்கலாம். போடவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும் வரை வேலை கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது. வீட்டு எஜமானுக்கு மட்டுமல்ல, வேலைக்காரனுக்கும் எருதுக்கும் கழுதைக்கும் அந்த நாள் ஓய்வு என்பது சட்டம்.

அந்த நாளை வரவேற்க ஒயின் வேண்டும். குடும்பத் தலைவர் கிண்ணத்தை ஏந்தி ஆசி சொல்லிவிட்டு எல்லோருக்கும் கொடுப்பார். கொச்சியில் திராட்சை விளைவதில்லை. அதற்காக இங்கிருந்தவர்கள் ஓய்வுநாளைக் கைவிடவில்லை. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, அதையே ஒயினாக வைத்துக்கொண்டார்கள்.

1948ல் இஸ்ரேல் உருவான பிறகு, முக்கியமாக 1950களில், கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டார்கள். கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்து இங்கே எப்போதோ குறைந்துவிட்டது. 1544ல் கட்டப்பட்ட கடவும்பாகம் ஜெப ஆலயம் கவனிப்பாரின்றிக் கிடந்து 2019 மழையில் இடிந்து விழுந்தது. அதே ஆண்டில் யூதத் தெருவின் சாரா கோஹன் 96 வயதில் காலமானார். 2024ல் குவீனி ஹலேகுவாவும் போய்விட்டார். ஓய்வெடுக்க ஆளில்லாத ஓய்வுநாளை இந்தக் கதவு இன்னமும் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

திரும்பும் வழியில் பஜார் ரோட்டில் கட்டன் சாயா குடித்தேன். இஞ்சியும் மிளகும் மணக்கும் கிடங்குகள். அவற்றின் முதுகுப்புறம் காயல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவரிடம், சைக்கிளில் வந்ததையும் இன்று ஓய்வு என்பதையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பனுக்கும் ஓய்வு உண்டு. சாப்பா கிடைக்காத நாளெல்லாம் ஓய்வுதான்" என்றார்.

சாப்பா என்பது உலோக வில்லை. கொச்சித் துறைமுகத்தில் அன்றன்று வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் மேல் அதை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவி 2023ல் 'துறமுகம்' என்ற படத்தில் இதைச் சொன்னார்.

முதியவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. ஒரு தகவலைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனாலும் டீ தொண்டையில் இறங்கச் சற்று நேரமாயிற்று. கூலியோடு இருந்தால் ஓய்வு. கூலி இல்லாமல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. கொடிக்கு லீவில்லை என்ற காமயகவுண்டன்பட்டிக்காரர் நினைவுக்கு வந்தார். அவருக்கு ஒரு நாள் ஓய்வு தர வேண்டுமானால் யார் தருவது? எருதுக்கும் கழுதைக்கும் சேர்த்துச் சட்டம் எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். ஓய்வை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் அது வசதி உள்ளவனுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மத்தியானம் எங்களுக்கு அறை கொடுத்தவரின் பரிந்துரையில், ஃபோர்ட் கொச்சியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் சாப்பாடு. சமையலறை மூலையில், கழுத்தில் துணி கட்டிய பெரிய பீங்கான் பரணி இரண்டு நின்றன. நண்பரின் கண்கள் அதில் நின்றுவிட்டன. வீட்டு அம்மச்சி சிரித்துக்கொண்டே, "உங்க நாட்டு முந்திரிதான் மோனே" என்றார்.

இந்த முந்திரியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையாளக் கதையை மொழிபெயர்த்தபோது, 'முந்திரிச்சாறு' என்று வந்ததை அப்படியே முந்திரிப்பழச் சாறு என்று எழுதிவிட்டேன். பாதிரியார் பூசையில் முந்திரிப்பழச் சாற்றை உயர்த்திப் பிடிக்க, நாகர்கோவில் வாசகர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: 'ஐயா, அது திராட்சை. நீங்கள் நினைத்தது எங்கள் ஊரில் கொல்லாம்பழம்.' தமிழ் முதுகலைப் பட்டத்தை ஒரு வாரம் பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையது மட்டுமல்ல. நம் அகராதிகளிலும் கொடிமுந்திரி என்றால் திராட்சைதான். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றால் இன்றைக்கும் திராட்சை. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்த புதுப் பழத்துக்குத் தமிழ்நாட்டில் நாம் பழையவரின் பெயரைக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது. மலையாளிகள் பறங்கிமாவு என்று வேறு பெயர் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

அம்மச்சி செய்முறையைச் சொன்னார். பழத்தைக் கழுவித் துடைத்து ஈரம் போக உலர்த்த வேண்டும். பரணியில் பழம், சர்க்கரை, கொதித்து ஆறிய நீர், கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. மரக்கரண்டியால் தினமும் ஒரு தடவை கிளற வேண்டும். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி மறுபடி பரணியில் ஊற்றிக் கட்டிவிட வேண்டும். "அதுக்கப்புறம்?" என்றேன். "அதுக்கப்புறம் ஒண்ணும் செய்யக் கூடாது. இன்னும் இருபத்தொரு நாள் தொடக் கூடாது. அதுதான் கஷ்டம். திறந்து பார்க்கத் தோணும். திறந்தா கெட்டுப்போகும்."

இது சட்டப்படி சரியா என்று பத்திரிகைக்காரன் கேட்காமல் இருக்க முடியுமா? கேட்டேன். அம்மச்சி கதவை ஒரு பார்வை பார்த்தார். கேரளத்தில் ஆப்காரி சட்டம் கடுமையானது. சர்ச்சுகள்கூடப் பூசை ஒயினுக்கு உரிமம் வாங்க வேண்டும். 2019 கிறிஸ்துமசுக்கு முன்னால் கலால் துறை, வீட்டில் ஒயின் தயாரிப்பது குற்றம் என்று சுற்றறிக்கை விட, பெரிய பரபரப்பாயிற்று. 2022ல் பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிமுறைகள் வந்தன. அம்மச்சியின் பரணிக்கு அந்த விதிகளில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. "பாட்டி காலத்திலிருந்து வைக்கிறோம்" என்றார், எல்லாச் சட்டத்துக்கும் அதுவே பதில் என்பது போல. ஒரு டிசம்பரில் குமுளி வழி அடைபட்டபோது என்ன செய்தீர்கள் என்று நண்பர் கேட்டார். "நாங்க முன்னாலேயே வாங்கிப் போட்டாச்சு. உங்க ஆளுங்க பழம்தான் பாவம், வழியில் அழுகிப்போச்சுன்னு கேட்டேன்" என்றார் அம்மச்சி. கம்பத்துக்காரர் தலையாட்டினார். இரண்டு மாநிலப் பேச்சுவார்த்தையில் இவ்வளவு சுமுகமாக ஒரு நிமிடம் கழிந்ததை நான் கண்டதில்லை. ஒயின் கிடைக்கவில்லை, இன்னும் நாள் ஆகவில்லையாம். மீன் மோலியும் ஆப்பமும் கிடைத்தன.

மறுநாள் போகவிருந்த பட்டணம் கிராமத்தில்தான் பழைய முசிறி இருந்ததாகப் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2007 முதல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. புறநானூற்றில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது யவனர் கொண்டு வந்த மதுவைக் குறிப்பிடுவதை எம்.ஏ. வகுப்பில் உரையோடு படித்திருக்கிறேன். அது எந்த வழியாக மதுரைக்குப் போயிருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை. இந்தக் கரையில் இறங்கிய ஜாடிகளில் சில மலை ஏறிக் கிழக்கே போயிருக்கலாம். இப்போது லாரி மேற்கே வருகிறது. அவ்வளவுதான் மாறுதல்.

பொழுது சாயும் நேரத்தில் சைக்கிள் கடைக்குப் போனேன். சக்கரம் காற்றைக் கிழிப்பது போல நேராகச் சுற்றியது. "எப்போ முடிச்சீங்க?" என்றேன். "நீங்க போன அரை மணியிலேயே. தந்திருந்தா ஓட்டிட்டுப் போயிருப்பீங்கல்ல?" கூலி அறுபது ரூபாய் கேட்டார். ஒரு நாள் ஓய்வுக்கு அது மலிவுதான். "நீங்க என்னிக்கு லீவு?" என்று கேட்டேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "பொங்கலுக்கு ஊருக்குப் போவேன். நாலு நாள்" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அறைக்கு நடந்தேன். மூன்று நட்சத்திரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். காயல் பக்கம் மேகம் கவிந்திருந்தது. தெரியவில்லை. ஆகவே ஓய்வுநாள் இன்னும் முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, ஏறி மிதிக்காமல் நடந்தே போனேன்.